ஊர்க் காரியத்துக்கு ஏலம்: கூட்டத்துக்குள் யாரை, எங்கே, எப்படி நிறுத்துவது?

எங்கள் ஊர் நூலகத்துக்குக் கூரை போட முதல்முறை ஏலம் நடத்தியபோது, நன்கொடையாக வந்த ஒரு கிடா 9,000 ரூபாய்க்குப் போனது. ஏலம் கூறியவர் பல வருடமாகக் கரையில் மீன் ஏலம் விடுகிறவர். அவர் குரலுக்கும் குறையில்லை, மைக்குக்கும் குறையில்லை. மூன்று தரம் சொல்லி முடித்துக் கிடாவை மேடையிலிருந்து இறக்கிய பிறகு, பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "தம்பி, நான் பன்னிரண்டாயிரம் வரைக்கும் கேட்கலாம்னு இருந்தேன். ரெண்டு தடவை கையைத் தூக்கினேன், யாரும் பார்க்கலையே" என்றார்.

அன்றைக்கு மேடையில் ஒருவர் இருந்தார். கூட்டத்துக்குள் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. அதற்குப் பிறகு இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பள்ளிக்கூடம், மாலை நேர டியூஷன், மருத்துவச் செலவு என்று பல ஏலங்களுக்கு ஆள் நிறுத்திக் கொடுத்திருக்கிறேன். தொகை ஏறுவதும் நின்றுபோவதும் கூட்டத்துக்குள் நிற்கிற ஆட்களைப் பொறுத்தது என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். அதனால் இந்த வழிகாட்டியில் அவர்களைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

மீன் ஏலம் வேறு, ஊர் ஏலம் வேறு

நம் கடற்கரையில் ஏலம் தெரியாத பிள்ளை கிடையாது. விடிகாலையில் கரைக்குப் போனால் ஒவ்வொரு குவியலைச் சுற்றியும் ஒரு ஏலம் நடக்கும். கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழம் ஏலம் போகும், தேவாலயத்து அறுப்பின் பண்டிகையில் முதல் விளைச்சல் ஏலம் போகும். அதனாலேயே நமக்கு இது தெரிந்த வேலைதானே என்று தோன்றிவிடுகிறது.

மீன் ஏலத்தில் கேட்கிறவர்கள் வியாபாரிகள். தினமும் கேட்கிறவர்கள். எவ்வளவு வரை போகலாம் என்ற கணக்கு மனதில் இருக்கும். பாதியில் நிறுத்தினால் அவர்களுக்கு வெட்கமில்லை. அங்கே வேகமும் முக்கியம், வெயில் ஏற ஏற மீன் கெடும். ஊர் ஏலத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு சம்மாட்டியாக (படகு முதலாளி) இருக்கலாம், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவராக இருக்கலாம், ஆசிரியையாக இருக்கலாம். அவருக்குக் கொடுக்க மனசு இருக்கிறது. ஆனால் இருநூறு பேர் பார்க்க ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, மேலே போக முடியாமல் நின்றுவிட்டால் மரியாதை என்ன ஆகும் என்ற பயமும் இருக்கிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அந்த மறைவு இங்கே இல்லை. அந்தப் பயத்தைக் குறைப்பதுதான் கூட்டத்துக்குள் நிற்பவரின் வேலை.

எத்தனை பேர் வேண்டும்?

200 நாற்காலி போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். என் கணக்குக்கு 18 பேர் வேண்டும். ஏலம் கூற ஒருவர், அவர் பக்கத்தில் எழுத இரண்டு பேர், கூட்டத்துக்குள் கை பார்க்க (யார் கை தூக்குகிறார்கள் என்று பார்த்து மேடைக்குச் சொல்ல) நான்கு பேர், பொருளைத் தூக்கிக் காட்ட மூன்று பேர், சீட்டுக் கொண்டு ஓட இரண்டு பிள்ளைகள், வாசல் மேசைக்கு நான்கு பேர், மைக்குக்கு ஒருவர், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒருவர். வாசலில் பெயர் பதிகிற நான்கு பேரே பிற்பாடு பணம் வாங்கும் மேசைக்குப் போய்விடுவார்கள், அதற்குத் தனி ஆள் தேட வேண்டாம்.

ஆள் பற்றாக்குறை என்றால் பொருள் தூக்குபவர்களைக் குறையுங்கள், ஓடும் பிள்ளைகளில் ஒருவரைக் குறையுங்கள். கை பார்ப்பவர்களை மட்டும் குறைக்காதீர்கள். ஐம்பது பேருக்கு ஒருவர் என்பது எனக்குக் கைகொடுத்த அளவு. 80 பேர்தான் வருவார்கள் என்றாலும் இரண்டு பேர் வேண்டும்.

ஏலம் கூறுபவர்

கரையில் ஏலம் விடுகிறவரையே கூப்பிடலாம். குரல் இருக்கிறது, எண்கள் நாக்கில் உருளும், ஊரில் யாருக்கு எவ்வளவு வசதி என்பதும் தெரியும். அவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியது வேகத்தைப் பற்றித்தான். ஒரு பொருளுக்கு இரண்டு நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் அரை நிமிடம் அந்தப் பொருளை யார் கொடுத்தார்கள், பணம் எதற்குப் போகிறது என்று சொல்லட்டும். "இரண்டு தரம்" என்ற பிறகு மூச்சு விட்டு, கை பார்ப்பவர்கள் நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுத்தான் "மூன்று தரம்" சொல்ல வேண்டும். அந்த ஐந்து விநாடியில்தான் பின்வரிசைக் கை எழும்.

சிறப்பு விருந்தினரிடம் "நீங்களே ஒரு பொருளை ஏலம் விடுங்கள்" என்று மைக்கைக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அவருக்கு மாலை போடுங்கள், ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள், முதல் வரிசையில் உட்கார வையுங்கள். எழும்பிய வேகம் ஒருமுறை அடங்கினால் மறுபடி கிளப்ப நான்கு பொருள் ஆகும்.

கை பார்க்கிறவர்கள்

எங்கள் குழுவில் இவர்களுக்கு வைத்த பெயர் இது. கூட்டத்தை நான்கு பாகமாகப் பிரித்து ஒவ்வொருவருக்கும் ஒரு பாகம். மேடைக்கு முதுகைக் காட்டி, மக்களைப் பார்த்தபடி நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு, கிடா மேடைக்கு வந்ததும் திரும்பி அதை வேடிக்கை பார்ப்பது. அந்த நொடியில் ஒரு கை எழுந்து இறங்கிவிடும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? ஊரில் எல்லோருக்கும் முகம் தெரிந்தவராக, எந்தத் தரப்புக்கும் ஆள் என்று பெயர் வாங்காதவராக இருக்க வேண்டும். எங்களுக்கு வாய்த்த மிகச் சிறந்த ஆள் பால்வாடி ஆயாவாக வேலை பார்க்கும் ஓர் அக்கா. ஊரில் பாதி இளைஞர்கள் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாலே போதும், கை தானாக எழும். கூச்ச சுபாவம் உள்ளவர் வேண்டாம். அதைவிட, அதட்டுகிற சுபாவம் உள்ளவர் வேண்டவே வேண்டாம்.

பெண்கள் தனியாக அமரும் ஊர்களில் அந்தப் பக்கத்துக்குப் பெண்களையே நிறுத்துங்கள், அதுவும் இரண்டு பேரை. பெண்கள் பக்கம் ஏலம் கேட்காது என்று நினைப்பது பெரிய தப்பு. கடல்பாசி எடுக்கப் போகிறவர்களும் கருவாடு போடுகிறவர்களும் சொந்தக் காசு வைத்திருக்கிறார்கள். மேடையிலிருப்பவர் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை, அதனால் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரு கை எழுந்தால் கை பார்ப்பவர் தன் கையை நேராக உயர்த்தி, உரக்க "இங்கே!" என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். விசில் வேண்டாம், கூச்சல் வேண்டாம். மேடையிலிருப்பவர் அந்தத் தொகையைச் சொன்னதும் கையை இறக்கிவிட்டு, கேட்டவரைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும். இப்போது ஏலம் உங்கள் பெயரில் நிற்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ஒருவரே தன் தொகைக்கு மேல் தானே ஏற்றிக் கேட்டுவிடுவார். பிறகு தெரிந்தால் மனம் கசந்துபோகும்.

அடுத்தவர் மேலே போய்விட்டார் என்றால், முந்தியவரிடம் போய்க் குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லுங்கள். "காக்கா, எட்டாயிரத்துல நிக்குது, எட்டரை சொல்லட்டுமா?" "அக்கா, இன்னும் ஒரு ஐந்நூறு, அவ்வளவுதான்." அடுத்த தொகையை நீங்களே சொல்லிவிடுவதால் அவர் தலையசைத்தால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. கீழக்கரைப் பக்கம் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை ராத்தா என்றும் கூப்பிடுவார்கள்; மற்ற ஊர்களில் அண்ணன், அக்கா, மாமா, மச்சான். அந்த ஆளை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். "சார், அடுத்த பிட்?" என்று கேட்டால் அவர் வெளியூர்க்காரர் போல ஒதுங்கிவிடுவார்.

ஒருவர் தலையை ஒருமுறை மறுத்து ஆட்டினால் இன்னொரு முறை கேட்கலாம். இரண்டாவது முறையும் ஆட்டினால் விட்டுவிட வேண்டும். விடும்போதும் ஒரு முறை இருக்கிறது. "இவ்வளவு தூரம் ஏத்திவிட்டதே நீங்கதான், ரொம்ப நன்றி மாமா" என்று சொல்லித் தோளைத் தொட்டுவிட்டு நகருங்கள். நிறுத்தியவரை மதிப்போடு நிறுத்த விட்டால், அடுத்த பொருளுக்கு அவர்தான் முதலில் கேட்பார். இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இரண்டு குடும்பமோ இரண்டு தெருவோ போட்டியில் இறங்கினால் தொகை பறக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முகம் சிவக்கிறதா, பக்கத்தில் இருப்பவர்கள் உசுப்புகிறார்களா என்று கை பார்ப்பவர் கவனிக்க வேண்டும். அப்படித் தெரிந்தால் வலது கையால் இடது தோளைத் தொட்டு மேடைக்குச் சைகை காட்டுங்கள் (இது எங்கள் சைகை, நீங்கள் வேறு வைத்துக்கொள்ளலாம்). ஏலம் கூறுபவர் உடனே தொகையை ஏற்றும் படியைச் சிறிதாக்கி, சீக்கிரம் முடித்துவிடுவார். ஒருமுறை இப்படி நிறுத்தாமல் விட்டதால், ஜெயித்த வீட்டில் மறுநாள் பணத்துக்குச் சண்டை வந்தது. அந்தப் பணத்தை வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இனி, செய்யக் கூடாதவை. கை பார்ப்பவர் தனக்காக ஏலம் கேட்கக் கூடாது. குழுவில் உள்ளவர்களும் அன்றைக்குக் கேட்காமல் இருப்பது நல்லது. விலையை ஏற்ற ஆளை உட்கார வைத்துப் பொய்யாகக் கேட்க வைப்பது பல இடங்களில் நடக்கிறது. நல்ல காரியத்துக்குத்தானே என்பார்கள். 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தில் 64-ஆவது பிரிவு ஏலத்தைப் பற்றியது. விற்கும் தரப்பு விலையை ஏற்றப் போலியாகக் கேட்க வைத்தால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம் என்று அது சொல்கிறது. ஏலம் முடிந்ததாகச் சுத்தியல் தட்டியோ வழக்கமான முறையிலோ அறிவிக்கும்வரை, கேட்டவர் தன் ஏலக் கேள்வியைத் திரும்பப் பெறவும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். ஊரில் இது ஒருமுறை வெளியே தெரிந்தால் அடுத்த வருடம் யாரும் நாற்காலியில் வந்து உட்கார மாட்டார்கள்.

எண் அட்டை

வாசலில் பெயர், தெரு, கைபேசி எண் எழுதிக்கொண்டு ஆளுக்கு ஒரு எண் கொடுக்க வேண்டும். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் ஊர்களில் பெயரை வைத்து எழுதினால் மறுநாள் குழப்பம்தான்.

ஒரு வருடம் பனையோலை விசிறியில் எண் ஒட்டிக் கொடுத்தோம். பார்க்க அழகாக இருந்தது, புழுக்கத்துக்கும் உதவியது. ஆனால் மக்கள் விசிறிக்கொள்ள ஆரம்பித்ததும் எது கேள்வி, எது காற்று என்று தெரியவில்லை. இப்போது விசிறியை எல்லோருக்கும் சும்மா கொடுத்துவிட்டு, எண்ணை மஞ்சள் அட்டையில் தனியாகக் கொடுக்கிறோம். எண் ஒரு சாண் உயரமாவது இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

பொருள், வரிசை, நாள்

இதை அதிகம் நீட்டவில்லை. 20 பொருளுக்கு மேல் வேண்டாம். அதற்கே ஒரு மணி நேரம் ஆகிவிடும். மீதியை மேசையில் விலை எழுதி விற்றுவிடுங்கள். சந்தை விலையில் பாதிக்குக் கீழே ஆரம்பித்தால் முதல் கை சீக்கிரம் எழும். முதல் பொருள் எல்லோராலும் கேட்க முடிகிற சின்னப் பொருளாக இருக்கட்டும், ஒரு சிப்பம் கருப்பட்டி, ஒரு தட்டுத் தொதல் இனிப்பு, ஓலைக் கொட்டான் நிறைய பண்டம். பெரிய பொருளை நடுவில் வையுங்கள், கடைசியில் வைத்தால் பாதிப் பேர் போயிருப்பார்கள். வேலையாக வரும் நன்கொடைக்கு நல்ல கேள்வி வருகிறது. ஒரு மெக்கானிக் 'ஒரு படகுக்கு இன்ஜின் சர்வீஸ்' என்று எழுதிக் கொடுத்த சீட்டு, ஒரு மூட்டை முண்டு மிளகாயைவிட அதிகத்துக்குப் போயிருக்கிறது.

பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை இவற்றை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. சில சங்கு, சிப்பி வகைகளும் அப்படித்தான். தாத்தா காலத்திலிருந்து அலமாரியில் இருக்கிறது என்று அன்போடு கொண்டுவருவார்கள். வாங்கும் மேசையில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போகும் ஊரில் ஞாயிறு மாலைதான் சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆட்கள் ஊரில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. வாடைக்காலத்தில் மழை. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் திறந்த வெளியில் வைத்தால் மைக்கில் காற்றுதான் பேசும், பள்ளிக் கட்டடத்தின் மறைவில் பந்தலைப் போடுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கி, இரவு 10 மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

எழுதுவதும் பணம் வாங்குவதும்

மேடையில் இரண்டு பேர் எழுத வேண்டும், தனித்தனி நோட்டில். பொருள் எண், எடுத்தவர் எண், தொகை. மூன்றே மூன்று விஷயம். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். ஐந்து பொருளுக்கு ஒருமுறை இருவரும் ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.

ஏலம் படிந்த அந்த நிமிடமே ஓடும் பிள்ளை கார்பன் வைத்த சீட்டோடு எடுத்தவரிடம் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு தாள் அவருக்கு, ஒரு தாள் பண மேசைக்கு, ஒன்று புத்தகத்தில். கையெழுத்து வாங்காமல் விட்ட சீட்டுகளில்தான் "நான் ஏழுதான் சொன்னேன்" என்ற பேச்சு வரும். பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இதற்கு நல்லவர்கள். சிரித்த முகத்தோடு நீட்டினால் யாரும் மறுப்பதில்லை.

பண மேசையில் ஜிபே, போன்பேவுக்கு இரண்டு வெவ்வேறு வங்கிக் கணக்கின் கியூஆர் அட்டைகளை வையுங்கள். ஒரு வங்கி மக்கர் செய்தால் இன்னொன்று இருக்கும். கூட்டம் கூடினால் சிக்னல் படுத்துவிடுகிற ஊர்களில் பள்ளி அலுவலக வைஃபையைக் கேட்டு வாங்குங்கள். பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டியை மேடையிலிருந்து தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் நடக்கும் ஏலத்தின் நடுவே வேறொரு தொகையைச் சொல்லும். ரொக்கத்தை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும். ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டத்தில் இடமில்லை, அப்படித் தொகை வந்தால் வங்கி வழியாகத்தான்.

நடுவில் நேரடி நன்கொடை

பெரிய பொருள் முடிந்த சூட்டோடு பத்து நிமிடம் பொருளே இல்லாமல் கேளுங்கள். ஏலத்தில் தோற்றவர்கள் கையில் கொடுக்க நினைத்த பணம் அப்படியே இருக்கிறது, அதற்கு இதுதான் வழி. டியூஷனுக்காக நடக்கும் ஏலம் என்றால் அங்கே படித்த ஒரு பிள்ளையை இரண்டு நிமிடம் பேச வையுங்கள். பிறகு மேலிருந்து கீழே வாருங்கள்: 10,000 கொடுப்பவர்கள் அட்டையைத் தூக்குங்கள், 5,000, 2,000, 500 என்று. கீழிருந்து மேலே போனால் வசதி உள்ளவர்களும் 500-இலேயே தூக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்தப் பத்து நிமிடம் கை பார்ப்பவர்களுக்கு மிகக் கடினமானது. ஒரே நேரத்தில் முப்பது அட்டை எழும். ஒவ்வொருவர் கையிலும் சிறு நோட்டு இருக்கட்டும். தன் பாகத்து எண்களைத் தானே எழுதி முடித்துக் கையை உயர்த்திய பிறகுதான் மேடை அடுத்த தொகைக்கு இறங்க வேண்டும். 500-க்கு வரும்போது கைதட்டல் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றாடக் கூலியில் 500 கொடுப்பவருக்குத்தான் சத்தமாகத் தட்ட வேண்டும்.

ஒத்திகை

முந்தின நாள் மாலை ஒரு மணி நேரம் போதும். நாற்காலிகளைப் போட்டு, குழுவிலேயே பத்துப் பேரை உட்கார வைத்து, ஒரு வாளியையும் ஒரு துடைப்பத்தையும் ஏலம் விடுங்கள். உட்கார்ந்திருப்பவர்கள் வேண்டுமென்றே தயங்கித் தயங்கிக் கை தூக்கட்டும், ஒருவர் தூக்கிய உடனே இறக்கட்டும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் தூக்கட்டும். ஒரே நேரத்தில் வந்தால் யாருடையது முதலில் என்று மேடையிலிருப்பவர் முடிவு சொல்ல வேண்டும், கை பார்ப்பவர்கள் வாதாடக் கூடாது. விளக்கையும் அப்போதே பாருங்கள். மேடையில் மட்டும் வெளிச்சம் போட்டுக் கூட்டத்தை இருட்டில் விட்டால் நான்கு பேர் நின்றும் பயனில்லை.

அன்றைக்கு

குழுவில் உள்ளவர்களை மாலை 4 மணிக்கே சாப்பிட வைத்துவிடுங்கள். ஏலம் 6 மணி என்றால் 5 மணிக்கு வாசல் மேசை திறக்கட்டும். வருகிறவர்களுக்குத் தேநீரும் சுண்டலும் போதும், பிரியாணி ஏலத்துக்குப் பிறகுதான். சாப்பிட்டுக் கை கழுவியவர் நாற்காலிக்குத் திரும்புவதில்லை.

பொருள் தூக்குபவர்கள் அதை மேடையில் மட்டும் காட்டாமல் நடுவழியில் கடைசி வரிசை வரை கொண்டு போக வேண்டும். கருப்பட்டியை முகர்ந்து பார்க்கட்டும், வலையைத் தொட்டுப் பார்க்கட்டும். கிடாவை மட்டும் மேடை ஓரத்தில் கட்டுங்கள், கூட்டத்துக்குள் இழுத்துப்போனால் அதுவும் மிரளும், பிள்ளைகளும் மிரளும்.

ஒருங்கிணைப்பவர் எந்த வேலையையும் தன் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்னால் நின்று, எந்தப் பாகத்திலிருந்து வெகு நேரமாகக் கை வரவில்லை என்று பார்ப்பதே அவர் வேலை. மூன்று பொருள் தொடர்ந்து ஒரு பாகம் அமைதியாக இருந்தால் அங்கே நிற்கும் ஆளை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே கேட்க ஆள் இருப்பார்கள், நிற்கிறவரோடுதான் ஏதோ பழைய மனத்தாங்கல் இருக்கும்.

மறுநாள் காலை, பணம் கட்டாத சீட்டுகளைப் பிரித்து எடுங்கள். பண மேசை ஆள் போன் செய்ய வேண்டாம். யார் பாகத்தில் அந்தக் கை எழுந்ததோ, அந்தக் கை பார்த்தவரே வீட்டுக்குப் போகட்டும், கையில் பொருளையும் எடுத்துக்கொண்டு. வாசலில் கிடாவைக் கட்டிவிட்டு, ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கட்டுமானம் எப்போது தொடங்குகிறது என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். பணம் அன்று மாலைக்குள் வந்துவிடும். வரும்போது அந்த வீட்டுப் பிள்ளைகளில் யாராவது அடுத்த ஏலத்துக்குச் சீட்டுக் கொண்டு ஓடத் தயாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.